அயோடின் ஸ்கேனில் இடுப்பருகே ஒரு புள்ளி: எலும்புக்குப் பரவிவிட்டது என்று கொள்ள வேண்டுமா?

பொருநைக்கரை எழுதியது (ஞாயிறு, இரவு 11.40)

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு வயது 36. கழுத்தில் கட்டி தெரிந்து, ஊசி வைத்துப் பார்த்ததில் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்று உறுதியானதால், தைராய்டு சுரப்பி முழுவதையும், கழுத்தின் நடுப்பகுதியிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். கட்டியின் அளவு 2.6 செ.மீ. எடுத்த ஒன்பது கணுக்களில் மூன்றில் நோய் இருந்தது. இரத்தக் குழாய்களுக்குள் நோய் நுழையவில்லை என்று திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள்.

அதன் பிறகு நான்கு வாரம் தைராக்சின் மாத்திரை கொடுக்காமல் வைத்திருந்து, இரண்டு வாரம் அயோடின் சேர்க்காத உப்பில் சமைத்து, மீன், கருவாடு, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, போன திங்கட்கிழமை 100 மில்லிகியூரி கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 84, தைரோகுளோபுலின் 1.9, அதற்கு எதிரான ஆன்டிபாடி இல்லை. மூன்று நாள் தனி அறையில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்று சனிக்கிழமை உடல் முழுவதற்கும் ஸ்கேன் எடுத்தோம்.

ரிப்போர்ட்டின் சாரத்தைத் தமிழில் தருகிறேன். தைராய்டு இருந்த இடத்தில் இரண்டு புள்ளிகளில் அயோடின் பிடித்திருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகள், இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் இயல்பான பிடிப்பு. கல்லீரலில் பரவலான பிடிப்பு. கடைசி வரியில், "வலது இடுப்புக் குழியில் குவிந்த பிடிப்பு, எலும்புக்குப் பரவியிருக்க வாய்ப்புண்டு, பிற பரிசோதனைகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று இருக்கிறது. அயோடின் படத்தையும் சி.டி. படத்தையும் ஒன்றாகச் சேர்த்து, புள்ளி எந்த உறுப்பில் இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்-சி.டி. வசதி அந்த மையத்தில் அன்று இயங்கவில்லை. "ஆறு வாரம் கழித்து வாருங்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் எங்களிடம், இது நன்றாகக் குணமாகக்கூடிய வகை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இப்போது எலும்பு என்ற ஒரு சொல் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது. இணையத்தில் தேடத் தேட, படிக்கக் கூடாததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். கல்லீரலிலும் பிடித்திருக்கிறது என்று கேட்டதிலிருந்து அத்தை அழுதபடியே இருக்கிறார்கள். கதிரியக்கம் குறையும்வரை என் மனைவி வீட்டிலும் இன்னும் சில நாள் தனி அறையில்தான் இருக்க வேண்டும் என்பதால், மகளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, நான் கதவருகே நின்றுதான் அவளிடம் பேசுகிறேன். ஸ்கேன் கவரை அவள் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அயோடின் பிடித்த இடமெல்லாம் புற்றுநோய்தானா? வேறு காரணம் இருக்க முடியுமா? ஆறு வாரம் காத்திருக்கலாமா, அதற்கு முன்பே ஏதாவது செய்ய வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


காமா அறை எழுதியது (திங்கள், காலை 6.15)

ஐயா, நான் அணு மருத்துவப் பிரிவில் பதினேழு ஆண்டுகளாகத் தொழில்நுட்பராக இருக்கிறேன். நோயைப் பற்றிச் சொல்வது என் வேலை அல்ல. அதை மருத்துவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் படம் எடுக்கப்படும் விதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் எதிர்பாராத புள்ளிகளில் கணிசமானவை உடலுக்குள்ளேயே இருப்பதில்லை.

கொடுத்த அயோடினில் பெரும்பகுதி சிறுநீர் வழியாகவும், மிச்சம் உமிழ்நீர், வியர்வை, கண்ணீர், மூக்குச் சளி வழியாகவும் வெளியேறுகிறது. இவற்றில் ஒரு சொட்டு துணியிலோ தோலிலோ பட்டு உலர்ந்தாலும் கேமராவுக்கு அது கரும்புள்ளிதான். உள்ளே இருப்பதா, மேலே ஒட்டியிருப்பதா என்று கேமராவுக்குப் பிரித்தறியத் தெரியாது. ஒரு அம்மாவுக்கு இடுப்பில் பளிச்சென்று ஒரு புள்ளி வந்தது. மருத்துவர் படத்தைப் பார்த்து முகம் மாறிவிட்டார். நான் போய்ப் பார்த்தால், வாயில் ஊறும் எச்சிலைத் துடைக்கும் கைக்குட்டையைப் புடவைக் கொசுவத்துக்கு அருகில் செருகி வைத்திருக்கிறார். உமிழ்நீர்ச் சுரப்பி கெடாமல் இருக்கப் புளிப்பு மிட்டாய் சப்பச் சொல்கிறோம். எச்சில் ஊறத்தானே செய்யும்? இன்னொரு பெண்ணுக்குத் தோள்பட்டைக்கு மேல் புள்ளி: இரவில் வாயோரம் வழிந்த எச்சில் பின்னலில் பட்டு உலர்ந்திருந்தது. பாவாடை நாடாவில் பட்ட சிறுநீர் இடுப்பெலும்பு போலக் காட்டியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதனால் நாங்கள் ஸ்கேனுக்கு முன் குளித்து, துவைத்த உடை மாற்றி, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வோம். அப்படியும் புள்ளி வந்தால், அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடையை மாற்றி, மறுபடி எடுப்போம். உங்கள் மனைவிக்கு அப்படி மறுபடி எடுத்தார்களா என்று கேளுங்கள்.

நீங்களே வீட்டில் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. ஸ்கேன் படத்தில் முன்பக்கத் தோற்றம், பின்பக்கத் தோற்றம் என்று இரண்டு உருவங்கள் அருகருகே இருக்கும். அயோடினிலிருந்து வரும் காமாக் கதிர் ஏறத்தாழ 6 செ.மீ. உடல் திசுவைக் கடந்தால் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே முன்பக்கத் தோலிலோ துணியிலோ ஒட்டியிருப்பது முன்படத்தில் அடர்த்தியாகவும் பின்படத்தில் மங்கலாகவும் தெரியும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் தெரிந்தால் அது உடலின் நடு ஆழத்தில் இருக்கக்கூடும். உறுதியான அளவுகோல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். கூடவே, ஸ்கேன் அன்று அவருக்கு மலம் கழிந்திருந்ததா என்பதையும் கேளுங்கள். வலப்பக்கக் கீழ்வயிறு பெருங்குடல் தொடங்கும் இடம். மலச்சிக்கல் இருந்தால் அயோடின் அங்கே தேங்கி நிற்கும். குடலில் இருப்பது மறுநாள் இடம் நகர்ந்துவிடும், கட்டி நகராது.

இன்னொன்று: கழுத்தில் மிச்சமிருக்கும் தைராய்டுத் திசு அயோடினை அதிகமாகப் பிடித்திருந்தால், கழுத்தைச் சுற்றி நட்சத்திரம் போலக் கோடுகள் தெரியும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கேமராவின் முன்னால் இருக்கும் ஈயத் தகட்டின் அறுகோணத் துளைகளுக்கு இடையிலுள்ள சுவர்களை இந்தக் கதிர் ஊடுருவுவதால் வருவது அது.


பொருநைக்கரை எழுதியது (திங்கள், காலை 7.50)

மிக்க நன்றி ஐயா. அவளிடம் கேட்டேன். அன்று காலையில் குளித்து, புதிதாகத் துவைத்த நைட்டியில்தான் போனாள். கைக்குட்டை பையில் இருந்தது, இடுப்பில் இல்லை. ஸ்கேனுக்கு முன்பு சிறுநீர் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முந்தைய இரவு பேதி மாத்திரை கொடுத்து, காலையில் வயிறு சுத்தமாகிவிட்டது. மறுபடி கழுவிவிட்டு எடுக்கவில்லை, ஒருமுறைதான் எடுத்தார்கள்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன நட்சத்திரம் கழுத்தில் இருக்கிறது. நேற்று முழுதும் அதைத்தான் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன். இடுப்பிலுள்ள புள்ளி சிறுநீர்ப்பைக்கு வலப்பக்கம், சற்று மேலே, நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. முன்படத்திலும் பின்படத்திலும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. அப்படியானால் அது உள்ளேதான் இருக்கிறது, இல்லையா?


அணுமருத்துவர் எழுதியது (திங்கள், காலை 10.05)

வணக்கம். நான் அணு மருத்துவ நிபுணர். படத்தைப் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது; நான் சொல்வது உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காக மட்டுமே. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் அவசரமானது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். நோய் அதற்குள் முற்றிவிடும் என்பதற்காக அல்ல. உங்கள் மனைவியின் உடலில் அந்த அயோடின் இப்போது இன்னும் இருக்கிறது என்பதற்காக. இந்த அயோடினின் கதிரியக்கம் எட்டு நாளில் பாதியாகும். உடலும் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஏழாம் நாள். இந்த வாரத்துக்குள் ஸ்பெக்ட்-சி.டி. வசதி உள்ள மையத்துக்குப் போனால், புதிதாக ஒரு துளி அயோடினும் கொடுக்காமல், இருப்பதைக் கொண்டே அந்தப் புள்ளி எந்த உறுப்பில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சுற்றியுள்ள திசுக்களிலிருந்து அயோடின் வடிந்துவிட்டிருப்பதால், சில வேளைகளில் தாமதமாக எடுக்கும் படம் இன்னும் தெளிவாகவே இருக்கும். ஆறு வாரம் கழித்துப் போனால் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அப்போது இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேட வேண்டியிருக்கும். இந்த ஸ்கேனோடு சேர்த்து எடுக்கும் சி.டி.க்குச் சாய மருந்து ஊசி தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அயோடின் ஸ்கேன் என்பது புற்றுநோயின் படம் அல்ல, அயோடின் இருக்கும் இடத்தின் படம். இந்த இரண்டும் ஒன்று என்று நாம் பழகிவிட்டோம், அதற்குக் காரணமும் உண்டு. தைராய்டு செல்லின் சுவரிலும், அதிலிருந்து வரும் இவ்வகைப் புற்றுச் செல்லிலும், அயோடைடை (இரத்தத்தில் அயோடின் இருக்கும் வடிவத்தை) உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. சோடியம் அயனிகள் இரண்டோடு சேர்த்து ஒரு அயோடைடை அது உள்ளே கொண்டுவரும். 1996-இல் இதற்கான மரபணு பிரித்தெடுக்கப்பட்ட பிறகு, இதே புரதம் உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பையின் உட்சுவர், பால் சுரக்கும் மார்பகம் ஆகியவற்றிலும் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. அந்த இடங்களில் அயோடின் பிடிப்பதற்கு எந்த நோயும் தேவையில்லை. தாய்ப்பால் நிறுத்திச் சில வாரங்களே ஆன ஒரு பெண்ணுக்கு, ஒரு மார்பில் மட்டும் பிடித்து, நுரையீரல் பரவல் போலத் தோற்றமளிப்பதும் உண்டு.

புரதம் இல்லாத இடத்திலும் அயோடின் தங்கும். தேங்கிய நீர் உள்ள எந்தக் கட்டிக்குள்ளும் அது மெல்லக் கசிந்து நுழைந்து, வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும். சிறுநீரகக் கட்டி, கல்லீரல் கட்டி, சினைப்பைக் கட்டி, விதைப்பையில் நீர் கோத்தல் ஆகியவற்றிலெல்லாம் இது பதிவாகியிருக்கிறது. அழற்சி உள்ள இடத்தில் இரத்தவோட்டம் கூடுவதால், பல் வேர்ச் சீழ், சைனஸ், ஆறாத நுரையீரல் நோய் ஆகியவையும் பிடிக்கும். இரைப்பையின் ஒரு பகுதி மார்புக்குள் ஏறியிருந்தால் நெஞ்சில் ஒரு புள்ளி. எழுதினால் பட்டியல் நீளும். என் பயிற்சிக் காலத்தில் ஆசிரியர் ஒருவர், "உடலில் அயோடின் பிடிக்காத உறுப்பு எது என்று கேள், அது சுலபம்" என்பார்.

உங்கள் மனைவியைப் பொறுத்தவரை நான் தைரோகுளோபுலினைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். இந்தப் புரதத்தைத் தைராய்டுத் திசுவும், அதிலிருந்து வந்த புற்றும் மட்டுமே உற்பத்தி செய்கின்றன. டி.எஸ்.எச். 84 வரை ஏறி எல்லாத் தைராய்டு செல்களையும் தட்டியெழுப்பியிருக்கும் நேரத்தில், கழுத்தில் இரண்டு இடங்களில் மிச்சத் திசுவும் இருக்கையில், எண்ணிக்கை வெறும் 1.9 மட்டுமே. அயோடினை இவ்வளவு நன்றாகப் பிடிக்கும் ஒரு எலும்புப் பரவல் இருந்தால் இந்த எண் பொதுவாக இதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். எதிர் ஆன்டிபாடி இருந்தால் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவிர, பாப்பிலரி வகை முதலில் கழுத்துக் கணுக்களுக்கும், பிறகு நுரையீரலுக்கும் போகிற வழக்கமுடையது. எலும்பை அதிகம் நாடுவது ஃபாலிக்குலர் என்ற இன்னொரு வகைத் தைராய்டுப் புற்று. அவருடைய கட்டி இரத்தக் குழாய்களுக்குள் நுழையவும் இல்லை. இவற்றில் எதுவும் தனித்து நின்று எலும்புப் பரவல் இல்லை என்று நிரூபிக்காது. ஆனால் எல்லாம் ஒரே திசையில் கை காட்டுகின்றன.

எனவே நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. ஸ்கேன் நாளில் அவருக்கு மாதவிலக்கு இருந்ததா? எப்போதாவது வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்து, சினைப்பையில் கட்டி என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? சிறுநீரகம் இயல்பான இடத்தில்தான் இருக்கிறதா? இடுப்பில் அடிபட்டதுண்டா? இந்தக் கேள்விகளைப் படம் எடுக்கும் நாளிலேயே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்பதே உண்மை.

உங்கள் அத்தையிடம் கல்லீரலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கழுத்தில் மிச்சமிருந்த தைராய்டுத் திசு, கொடுத்த கதிரியக்க அயோடினைக் கொண்டே ஹார்மோன் செய்து இரத்தத்தில் விட்டிருக்கிறது. அந்த ஹார்மோனைச் சிதைக்கும் வேலை கல்லீரலுடையது. அதனால் கல்லீரல் முழுவதும் ஒரே சீராக மங்கலாகத் தெரியும். மருந்து வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். 1940-களில் நியூயார்க்கின் மாண்டிஃபியோர் மருத்துவமனையில் சாமுவேல் சைட்லினும் அவருடைய குழுவினரும் சிகிச்சை அளித்த நோயாளிக்கு, பல ஆண்டுகளுக்கு முன்பே தைராய்டை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் தைராய்டு ஹார்மோன் மிகுதியின் அறிகுறிகள் இருந்தன. உடலின் மேல் கதிர் அளக்கும் கருவியை நகர்த்திப் பார்த்தபோது, தைராய்டு இருக்கக் கூடாத இடங்களில் கருவி சத்தமிட்டது. அவை பரவல்கள்தான். 1946-இல் வெளியான அந்த அறிக்கையிலிருந்துதான் இந்தச் சிகிச்சையே வளர்ந்தது. எதிர்பாராத இடத்துப் புள்ளி உண்மையான நோயாக இருப்பதும் உண்டு. அதனால்தான் "ஒன்றுமிருக்காது" என்ற ஆறுதலோடு நிறுத்திவிடாமல் இந்த வாரமே போகச் சொல்கிறேன்.


மேற்குத்தொடர் எழுதியது (திங்கள், மாலை 4.30)

மருத்துவர் ஐயா சொன்னதற்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சாட்சி. என் தந்தைக்கு 61 வயதில் இதே நோய் வந்து, தைராய்டை எடுத்து, அயோடின் கொடுத்த பிறகு எடுத்த ஸ்கேனில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் பிடித்திருந்தது. நுரையீரல் பரவல் என்று எழுதி, ஆறு மாதம் கழித்து மறுபடி 150 மில்லிகியூரி கொடுத்தார்கள். பிறகு எடுத்த ஸ்கேனிலும் அதே இடம், அதே அளவு. மூன்றாம் முறை கொடுக்க நாள் குறித்த பிறகுதான், வேறு ஓர் ஊரிலிருந்த மருத்துவர் பழைய கதையைக் கேட்டார்.

அப்பாவுக்கு 28 வயதில் காசநோய் வந்து ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் தைராய்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றுதான் நினைத்தோம். சி.டி. எடுத்துப் பார்த்ததில், அந்த இடத்தில் மூச்சுக்குழாய்கள் விரிந்து தழும்பாகி, சளி தேங்கிய குழிகளாக இருந்தன. அயோடின் அந்தச் சளியில்தான் நின்றிருக்கிறது. தைரோகுளோபுலின் ஆரம்பத்திலிருந்தே ஒன்றுக்கும் கீழே இருந்ததை அந்த மருத்துவர் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். மூன்றாவது டோஸ் நிறுத்தப்பட்டது.

தேவையில்லாமல் வாங்கிய அந்த இரண்டாவது டோஸின் விலையை அப்பா இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உமிழ்நீர் சுரப்பது குறைந்து, சோற்றில் குழம்பை நிறைய ஊற்றினால்தான் விழுங்க முடிகிறது. பக்கத்தில் எப்போதும் தண்ணீர்ச் சொம்பு வேண்டும். பற்களில் நான்கு போய்விட்டன. எனவே நண்பரே, "சந்தேகத்துக்கு இன்னொரு டோஸ் கொடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், எந்த உறுப்பில் எதற்காக என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. பழைய நோய்கள், பழைய ஸ்கேன்கள், பழைய ஆபரேஷன்கள் எல்லாவற்றையும், சம்பந்தமில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும், ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.


மார்கழிப்பூ எழுதியது (திங்கள், இரவு 9.10)

அண்ணா, எனக்கு 24 வயதில் நெஞ்செலும்புக்குப் பின்னால் பிடித்திருந்தது. கணுக்களுக்குப் பரவிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் இடிந்துபோனோம். ஸ்பெக்ட்-சி.டி.யில் அது தைமஸ் சுரப்பி என்று தெரிந்தது. சிறு வயதினருக்கு அந்தச் சுரப்பி முழுதாகச் சுருங்கியிருக்காது, அதனால் சில பேருக்கு அயோடின் பிடிக்கும் என்று சொன்னார்கள். எதுவும் செய்யவில்லை. இப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, தைரோகுளோபுலின் கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள். கதவுக்கு வெளியே நின்று சொன்னாலும் போதும்.


பொருநைக்கரை எழுதியது (செவ்வாய், காலை 8.20)

எல்லோருக்கும் நன்றி. மேற்குத்தொடர் சொன்னபடி ஒரு தாளில் எழுத உட்கார்ந்தோம். அவள் உள்ளிருந்து சொல்ல, நான் வெளியே எழுதினேன். அடிபட்டது இல்லை, மாதவிலக்கு இல்லை, காசநோய் இல்லை. அப்புறம்தான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாதவிலக்கு நாட்களில் வயிற்றுவலி என்று போனபோது ஒரு ஸ்கேன் எடுத்தோமே என்றாள். மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பில் அந்த ரிப்போர்ட் கிடைத்தது. வலது சினைப்பையில் 3 செ.மீ. நீர்க்கட்டி என்று இருக்கிறது. அப்போது மாத்திரை கொடுத்தார்கள், வலி நின்றது, மறுபடி பார்க்கவே இல்லை. புற்றுநோய்க்காகப் பார்த்த எந்த மருத்துவரிடமும் இதை நாங்கள் சொன்னதில்லை. நாளை வேறொரு நகரத்தில் ஸ்பெக்ட்-சி.டி.க்கு நேரம் கிடைத்திருக்கிறது.


அணுமருத்துவர் எழுதியது (செவ்வாய், காலை 9.00)

அந்தப் பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், படம் எடுப்பதற்கு முன்பே அங்குள்ள மருத்துவர் கையில் கொடுங்கள். புள்ளி கட்டியின் மேல் விழுந்தாலும், அது வெறும் நீர்க்கட்டியா, முடியும் கொழுப்பும் கலந்த டெர்மாய்டு வகையா என்பதை மகளிர் மருத்துவர் பார்க்க வேண்டும். டெர்மாய்டு கட்டிக்குள் அரிதாகத் தைராய்டுத் திசுவே வளர்ந்திருப்பதுண்டு. அதுவும் அயோடினைப் பிடிக்கும், தைரோகுளோபுலினையும் சுரக்கும். போகும் வழியில் பேருந்தைத் தவிர்த்துக் காரில் செல்லுங்கள். அவர் பின் இருக்கையில், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கமாக அமரட்டும்.


பொருநைக்கரை எழுதியது (வெள்ளி, இரவு 10.15)

புதன்கிழமை ஸ்கேன் எடுத்து, நேற்று ரிப்போர்ட் வந்தது. மருத்துவர் கணினியில் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் தெரிந்த அந்தப் புள்ளி எலும்பைத் தொடவே இல்லை. அதற்கும் எலும்புக்கும் நடுவே விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. வலது சினைப்பையில் இப்போது 4 செ.மீ. ஆகியிருக்கும் கட்டியின் மேல் அது சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. கொழுப்பு எதுவும் சி.டி.யில் தெரியவில்லை என்றும், சாதாரண நீர்க்கட்டி போலத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். இன்று மகளிர் மருத்துவரிடமும் காட்டினோம்; அல்ட்ராசவுண்டிலும் தெளிந்த நீர் மட்டுமே இருக்கிறது, அடுத்த மாதவிலக்கு முடிந்ததும் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை பார்க்கலாம் என்கிறார். கழுத்தில் இருந்த இரண்டு புள்ளிகளும் மிச்சத் திசுதான், கணுக்கள் இல்லை.

முதல் மையத்துக்கும் போய் இதைக் காட்டினோம். அவர்கள் கோபப்படவில்லை; பார்த்துவிட்டு, "நல்லது" என்று மட்டும் சொன்னார்கள்.


காமா அறை எழுதியது (சனி, காலை 5.50)

மகிழ்ச்சி ஐயா. ஆனால் "நல்லது" என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். முதல் ரிப்போர்ட்டில் எலும்பு என்ற வரி அப்படியே இருக்கிறது. நாளைக்கு வேறு ஊரில், வேறு மருத்துவர், அவசரத்தில் அந்த ஒரு தாளை மட்டும் பார்த்தால், அந்த வரியிலிருந்துதான் தொடங்குவார். இன்ஷூரன்ஸ்காரர்களும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஸ்பெக்ட்-சி.டி. முடிவைக் குறிப்பிட்டு, முதல் ரிப்போர்ட்டுக்கு இணைப்பாக ஒரு திருத்தம் எழுதித் தரச் சொல்லி, கையெழுத்தோடு வாங்குங்கள். தருவார்கள்; இது எல்லா இடத்திலும் நடைமுறையில் உள்ளதுதான்.


பொருநைக்கரை எழுதியது (திங்கள், மாலை 6.40)

வாங்கிவிட்டேன். அரைப்பக்கம்தான். "வலது இடுப்புக் குழியில் முன்பு குறிப்பிடப்பட்ட பிடிப்பு வலது சினைப்பை நீர்க்கட்டிக்கு உரியது, எலும்புப் பரவலுக்குச் சான்று இல்லை" என்று இருக்கிறது. பழைய கவரை அவள் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்; இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து, அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டையும் அதே கோப்பில் வைத்திருக்கிறோம். ஆறு மாதத்தில் தைரோகுளோபுலின் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எண் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.